உஷார்! டப்பா மேல் இருக்கும் ஸ்கேலை நம்பி டீடெயில் செட் வாங்காதீர்கள்

பிளாஸ்டிக் கப்பல் கிட் ஒன்றை ஒட்டி முடித்துவிட்டீர்கள். நாலு புகைபோக்கியும் நேராக நிற்கின்றன. கண்ணை உறுத்துவது ஒன்றுதான்: மேல்தளத்துக் கைப்பிடிக் கம்பிகள் தடி தடியாக, ஏணிகள் வெறும் பிளாஸ்டிக் கட்டிகளாக இருக்கின்றன. "பித்தளை ரெய்லிங் செட் ஒண்ணு வாங்கிப் போட்டா அசல் கப்பல் மாதிரி ஆயிடும்" என்று மனசு சொல்கிறது. கைபேசியில் தேடுகிறீர்கள். கப்பல் பெயர் போட்ட செட் ஒன்று கண்ணில் படுகிறது. விரல் 'வாங்கு' பட்டனுக்குப் போகிறது.

நில்லுங்கள். அந்த விரலை எடுத்துவிட்டு முதலில் இதைப் படியுங்கள்.

சென்னை ஓ.எம்.ஆர். ஓரத்து அடுக்ககங்களில், படூர், கேளம்பாக்கம், தையூர் பக்கம், வார இறுதியில் மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்காரும் ஐ.டி. ஊழியர்களுக்கும், கானாத்தூரிலும் உத்தண்டியிலும் கடல்சார் படிப்பு படித்துக்கொண்டு அறையில் கப்பல் ஒட்டும் மாணவர்களுக்கும், பிறந்தநாளுக்குக் கிட் வாங்கிக் கொடுக்கும் அப்பா அம்மாக்களுக்கும் இந்த எச்சரிக்கை. உங்கள் கப்பல் ஊரோடு ஒத்துப்போகாத ஸ்கேலில் இருந்தால், தனியாக விற்கும் டீடெயில் பாகங்கள் முதலில் பணத்தைத் தின்னும், அடுத்து கப்பலைக் கெடுக்கும். அசந்தால் கைக்கும் கண்ணுக்கும் வந்துவிடும்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது?

கப்பல் கிட் உலகில் இன்று இரண்டு ஸ்கேல்கள்தான் ராஜா: 1/350, 1/700. அதாவது அசல் கப்பலில் 350-இல் ஒரு பங்கு, 700-இல் ஒரு பங்கு. 1971-இல் ஜப்பானின் ஷிசுவோகா வட்டாரத்து நிறுவனங்களான டாமியா, ஹசேகவா, அவோஷிமா, ஃபுஜிமி நான்கும் சேர்ந்து 1/700-இல் 'வாட்டர்லைன்' வரிசையைத் தொடங்கின. அன்று பிடித்த பாதையில்தான் பித்தளைத் தகடு செய்கிறவர்களும், ரெசின் பீரங்கி வார்க்கிறவர்களும், மரத்தாலான ஒட்டு டெக் வெட்டுகிறவர்களும் இன்றும் நடக்கிறார்கள். செக் நாட்டு எட்வார்ட் மாதிரி நிறுவனங்களின் கப்பல் செட்டுகளில் பெரும்பகுதி இந்த இரண்டு ஸ்கேலுக்குத்தான்.

ஆனால் சந்தையில் கிட்டுகள் எத்தனையோ ஸ்கேலில் கிடக்கின்றன. ஏர்ஃபிக்ஸ் 1/600-ஐப் பிடித்துக்கொண்டது. அங்குலத்துக்கு 50 அடி என்ற பழைய பிரிட்டிஷ் கணக்கு அது. அதே ஏர்ஃபிக்ஸின் விக்டரி பாய்மரக் கப்பல் 1/180. அங்குலத்துக்கு 15 அடி. பிரான்சின் ஹெல்லர் 1/400-இல் போனது. இத்தாலேரி 1/720-இல் விமானந்தாங்கிகள் போட்டது. இவற்றுக்காவது ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் ரெவெல் 1950-களில் செய்ததுதான் வேடிக்கை. கடை அலமாரியில் எல்லா டப்பாவும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று முதலில் டப்பாவை முடிவு செய்துவிட்டு, அதற்குள் அடங்கும்படி கப்பலைச் சுருக்கினார்கள். 1953-இல் வந்த மிசௌரி போர்க்கப்பல் 1/535 ஆனது. அரிசோனா 1/426 ஆனது. 1970-களில் வந்த டைட்டானிக் 1/570. அசலில் மிசௌரி 270 மீட்டர், அரிசோனா 185 மீட்டர். கிட்டில் ஒன்று சுமார் 50 செ.மீ., மற்றொன்று 43 செ.மீ. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வயதுப் பிள்ளைகள் மாதிரித் தெரியும்.

இப்படி டப்பாவுக்காகப் பிறந்த ஸ்கேல்களுக்குத் தனிப் பாகங்கள் அரிது. கிடைக்காத இடத்தில்தான் "கிட்டத்தட்ட பொருந்தும்" என்று விற்கும் ஆள் வருவார்.

'கொஞ்சம் அட்ஜஸ்ட்' என்பது எத்தனை மில்லிமீட்டர்?

வாட்ஸ்அப்பில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"அண்ணா, என்கிட்ட இருக்கிற டைட்டானிக் 1/570. உங்க செட்ல 1/600-னு போட்டிருக்கே, வருமா?"

"வரும் சார். அஞ்சு பர்சென்ட்தான் டிஃபரன்ஸ். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

அவர் சொன்ன ஐந்து சதவீதம் சரிதான். அதனால்தான் ஏமாறுகிறோம். ஐந்து சதவீதம் என்பது எதன்மேல் ஐந்து என்று கேட்க வேண்டும்.

டைட்டானிக்கின் முழு நீளம் 269.1 மீட்டர். 1/570-இல் அது 472 மி.மீ., 1/600-இல் 448 மி.மீ. ஆக, 1/600-க்கு வெட்டிய மர டெக்கை உங்கள் கப்பல்மேல் விரித்தால் நீளத்தில் 24 மி.மீ. குறையும். அகலத்தில் இரண்டரை மி.மீ. குறையும். டெக்கில் புகைபோக்கிக்கும் பாய்மரக் கம்பத்துக்கும் விட்டிருக்கும் துளைகளில் ஒன்றுகூட இடத்தில் உட்காராது. ஒட்டு டெக்கை ஒருமுறை ஒட்டிவிட்டால் கிழியாமல் உரிக்கவும் முடியாது.

உயிர்காப்புப் படகுகளைப் பாருங்கள். டைட்டானிக்கில் 20 படகுகள். அவற்றில் 14 பெரியவை, ஒவ்வொன்றும் 30 அடி. வலப்பக்கம் பின்புறம் 9, 11, 13, 15 எண்ணுள்ள நான்கு படகுகள் வரிசையாகத் தொங்கும். 1/570-இல் ஒரு படகு 16 மி.மீ.; 1/600 படகு 15.2 மி.மீ. ஒரு படகை எடுத்து வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, "சூப்பரா வருதே" என்பீர்கள். நான்கையும் தாங்கும் படகுத்தூக்கிகள் ஒரே பித்தளைத் துண்டாக வந்திருந்தால், நாலாவது படகுக்குப் போவதற்குள் 3 மி.மீ.க்கு மேல் இடறிவிடும். டெக்கில் அச்சான துளை ஓரிடம், தூக்கியின் கால் வேறிடம். 1/700 செட்டை வாங்கியிருந்தால் நாலு படகுக்கும் சேர்த்து 12 மி.மீ. போய்விடும், ஏறக்குறைய ஒரு முழுப் படகே காணாமல் போகும்.

கைப்பிடிக் கம்பியில் வேறு மாதிரி வினை. கப்பல் ரெய்லிங் சுமார் 1.07 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 1/350 ரெய்லிங் 3.06 மி.மீ. உயரம் இருக்கும். அதை 1/570 கப்பலில் நிறுத்தினால் அசல் கணக்கில் 1.74 மீட்டர் ஆகிறது. பயணிகளின் இடுப்புக்கு இருக்க வேண்டிய கம்பி தலைக்கு வந்துவிடும். 1/400 ரெய்லிங் போட்டாலும் கழுத்துவரை வரும். பார்க்கிறவருக்குக் கணக்கு தெரியாது. "என்னமோ ஜெயில் கம்பி மாதிரி இருக்கே" என்பது மட்டும் தெரியும்.

இதில் மனதில் வைக்க வேண்டிய விதி ஒன்றே: பாகம் நீளமாக நீளமாகப் பிழை பெருகும். கதவு, நங்கூரச் சங்கிலி, ஒற்றை ஏணி போன்றவற்றில் ஐந்து சதவீதம் ஒன்றும் செய்யாது. முழு டெக், ஜன்னல் வரிசை, படகுத்தூக்கி வரிசை, கிரேன் சட்டம் ஆகியவற்றில் அதே ஐந்து சதவீதம் கப்பலையே கவிழ்க்கும்.

டப்பாவே பொய் சொல்லும்

செட்டின் ஸ்கேலைச் சரிபார்த்துவிட்டால் போதுமா? போதாது. உங்கள் கிட்டின் டப்பாவில் அச்சிட்ட எண்ணே நிஜமாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

பழைய அச்சுகளை வேறு வேறு நிறுவனங்கள் வாங்கிப் புது டப்பாவில், சில நேரம் தப்பான எண்ணோடு, போடுவது இந்தத் தொழிலில் சகஜம். டைட்டானிக் ஒன்றுக்கு மட்டும் 1/1200, 1/700, 1/600, 1/570, 1/400, 1/350, 1/200 என்று கிட்டுகள் வந்திருக்கின்றன. "டைட்டானிக் டீடெயில் செட்" என்று பெயரை மட்டும் போட்டு விற்றால் அது எந்த டைட்டானிக்குக்கு? கேட்காமல் வாங்கினால் தம்பி சட்டையை அண்ணன் போட்ட கதைதான்.

சகோதரக் கப்பல் என்று சொல்லி விற்பதும் உண்டு. நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான எம்டனையே எடுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய அதே ஜெர்மன் கப்பல். ரெவெல் அதை 1/350-இல் போட்டது, அதன் சகோதரி டிரெஸ்டனையும் போட்டது. மேலே பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் எம்டனில் பிஸ்டன் நீராவி இன்ஜின், இரண்டு புரொப்பெல்லர். டிரெஸ்டனில் டர்பைன், நான்கு புரொப்பெல்லர். அடிப்பாகத்துக்கு ஒன்றின் செட்டை மற்றொன்றுக்கு வாங்கினால் ஸ்கேல் சரியாக இருந்தும் கப்பல் தப்பாகிவிடும்.

இந்தியக் கடற்படைக் கப்பல் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு இது இன்னும் ஆழமான பள்ளம். பம்பாய் மசகான் டாக்கில் கட்டி 1972-இல் கடற்படையில் சேர்ந்த பழைய நீலகிரி, பிரிட்டிஷ் லியாண்டர் வகையின் இந்திய வடிவம். ஏர்ஃபிக்ஸின் பழைய லியாண்டர் கிட்டை வைத்து நீலகிரியோ ஹிம்கிரியோ செய்யலாம் என்று தோன்றும். நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் கிட் 1/600. கடையில் சுலபமாகக் கிடைக்கும் குட்டி ஹெலிகாப்டர்களும் பீரங்கிகளும் 1/700. சேத்தக் ஹெலிகாப்டரின் உடல் சுமார் 10 மீட்டர். 1/600-இல் 16.7 மி.மீ. இருக்க வேண்டியது, 1/700-இல் 14.3 மி.மீ.தான். பின் டெக்கில் நிறுத்தினால் பொம்மைக்குள் பொம்மை மாதிரித் தெரியும். அதோடு அந்த வகையின் ஆறு கப்பல்களில் கடைசி இரண்டான தாராகிரியும் விந்தியகிரியும் பெரிய சீ கிங் ஹெலிகாப்டருக்காக மாற்றி அமைக்கப்பட்டவை. எந்தக் கப்பல் செய்கிறோம் என்று தீர்மானிக்காமல் பாகம் வாங்கினால் ஹெலிகாப்டர் கூடமே தப்பாகிவிடும். இந்தப் பெயர்களைப் புது நீலகிரி வகைக் கப்பல்களும் சூடியிருப்பதால் (புது நீலகிரி 2025 ஜனவரியிலும், உதயகிரியும் ஹிம்கிரியும் அதே ஆண்டு ஆகஸ்டிலும் கடற்படையில் சேர்ந்தன) தேடும்போது புதியதும் பழையதும் கலந்து வரும். ஜாக்கிரதை!

பொருந்தாததைப் பொருத்தப் போனால் உடம்புக்கு வரும்

விலை கொடுத்து வாங்கிய பாகத்தைத் தூக்கிப் போட மனசு வராது. "வெட்டி, தேய்த்து, சூடு காட்டி, பசை போட்டு எப்படியாவது உட்கார வைப்போம்" என்று இறங்குவோம். சரியான ஸ்கேல் பாகத்தில் நாலு வெட்டு என்றால், தப்பான பாகத்தில் நாற்பது வெட்டு. ஆபத்தும் அத்தனை மடங்கு.

*பித்தளைத் துணுக்கு:* இந்தத் தகடுகள் 0.1 முதல் 0.2 மி.மீ. கனம்தான். கட்டரால் நறுக்கும்போது துணுக்கு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. கண்ணாடியோ டைல்ஸோ போன்ற கெட்டியான பரப்பின்மேல் வைத்து, வெட்டும் இடத்தின்மேல் செலோடேப் ஒட்டிவிட்டு, கத்தியை மேலிருந்து கீழாக அழுத்தி வெட்டுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். தரையில் விழுந்த துணுக்கைத் தேடி எடுக்காமல் எழுந்திருக்காதீர்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இந்த வேலையே அந்த அறையில் வேண்டாம்.

*உடனடிப் பசை:* இங்கேதான் பலருக்குத் தெரியாத விபரீதம். ஃபெவிக்விக் வகைப் பசை பருத்தியில் பட்டால் சாதாரணமாகக் காயாது. மளமளவென்று இறுகி, தோலைச் சுடும் அளவுக்குச் சூடேறிப் புகையும். வீட்டில் நாம் உட்காருவது பருத்திப் பனியனிலும் லுங்கியிலும். தப்பான ரெய்லிங் விலகாமல் இருக்க அதிகமாகப் பிழிந்த பசை, மேசை ஓரத்தில் வழிந்து மடியில் சொட்டினால்? அதிகப் பசையைத் துடைக்கக் காது குடையும் பஞ்சுக்குச்சியை எடுத்தால்? இரண்டும் வேண்டாம். துணியில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். இமை ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், கண்ணைக் கசக்காதீர்கள். வெதுவெதுப்பான நீரால் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் போங்கள். ஒட்டிய விரலை விடுவிக்க நெயில் பாலிஷ் ரிமூவர் உதவும், ஆனால் அதில் இருக்கும் அசிட்டோன் கப்பலின் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். கண் பக்கமோ அதைக் கொண்டு போகவே கூடாது.

*அடுப்பு நெருப்பு:* பித்தளையை வளைத்து நிமிர்த்தி, மறுபடி வளைத்தால் அது இறுகி ஒடியும். இளக்குவதற்கு நெருப்பில் காட்டுவது தெரிந்த உத்திதான். ஆனால் தின்னர் டப்பாவும் பிளாஸ்டிக் சட்டமும் கிடக்கும் மேசையை அடுப்பு பக்கம் வைத்துக்கொண்டு செய்யாதீர்கள். தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைப் பிடிக்கும்.

*ரெசின் தூள்:* பெரிதாக வந்த ரெசின் பாகத்தை உப்புத்தாளில் தேய்த்துச் சிறிதாக்குகிறவர்கள் ஏ.சி. அறையைச் சாத்திக்கொண்டு செய்கிறார்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. என்-95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். 3டி அச்சுப் பாகம் பிசுபிசுவென்று வந்தால் அது முழுதாக இறுகவில்லை என்று அர்த்தம். வெறும் கையால் தொட்டுக்கொண்டே இருந்தால் தோல் ஒவ்வாமை வரும், வந்துவிட்டால் சுலபத்தில் போகாது. நைட்ரைல் கையுறை போடுங்கள், பாகத்தை மொட்டை மாடி வெயிலில் வையுங்கள்.

*வீட்டிலேயே எட்சிங்:* "என் ஸ்கேலுக்கு யாரும் செய்யவில்லை, நானே செய்கிறேன்" என்று ரிச்சி தெருவில் சர்க்யூட் போர்டுக்கு வாங்கும் ஃபெர்ரிக் குளோரைடைப் பித்தளைமேல் ஊற்றும் துணிச்சல்காரர்கள் இருக்கிறார்கள். அது உலோகத்தைத் தின்னும் திரவம். துணியில் பட்ட கறை போகாது, கண்ணில் பட்டால் விபரீதம். வேலை முடிந்தபின் அதில் செம்பும் கரைந்திருக்கும். சிங்க்கில் ஊற்றினால் குழாயும் கெடும், செப்டிக் டேங்கும் கெடும். அனுபவம் இல்லாதவர்கள் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

கேளம்பாக்கம் காற்றை மறக்காதீர்கள்

நம் ஊரில் இன்னொரு எதிரியும் உண்டு. ஒரு பக்கம் உப்பளம், அந்தப் பக்கம் கோவளம் கழிமுகம், கொஞ்சம் தாண்டினால் கடல். இங்கே வீசும் ஈர உப்புக் காற்று பித்தளையைச் சும்மா விடாது. எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, பிரைமர் அடித்துப் பெயின்ட் போடாத பித்தளை ரெய்லிங், கைரேகை பட்ட இடத்தில் முதலில் கறுக்கும், பிறகு பச்சை பிடிக்கும். பசை ஒட்டு டெக்கின் ஓரங்கள் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் எழும்பிக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில் கப்பலைக் கார் டேஷ்போர்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனால் மெல்லிய ரெசின் கம்பம் தலை குனிந்துவிடும்.

ஈயம் கலந்த பழைய வார்ப்பு நங்கூரமும் பீரங்கியும் கையில் கிடைத்தால் கூடுதல் கவனம் தேவை. காற்றோட்டம் இல்லாத மரப்பெட்டியில், பிளைவுட்டும் மரமும் விடும் அமில ஆவியில், ஈயம் வெண்மையான பொடியாக உதிரும். அருங்காட்சியகங்களின் கப்பல் மாதிரிகளுக்கே இந்த நோய் வந்திருக்கிறது. அந்தப் பொடி விஷம். வாயால் ஊதாதீர்கள், கையால் துடைக்காதீர்கள், குழந்தைகளைத் தொடவிடாதீர்கள். புதுக் கப்பலில் ஈய பாகமே வேண்டாம்.

பணம் போகும் வழிகள்

வெளிநாட்டிலிருந்து வரும் செட் பொருந்தவில்லை என்றால் திருப்பி அனுப்புவது நடக்கிற காரியமா? தபால் செலவே பாகத்தின் விலையைத் தாண்டும். தகட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டியிருந்தால் எந்த விற்பனையாளரும் திரும்ப வாங்க மாட்டார்.

இதோடு சுங்கம். பொம்மை இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-இல் 70-க்கும் ஏறியது. 14 வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். உங்கள் பார்சல் எந்த வகையில் வருகிறது என்பதைப் பொறுத்தும் மாறும். ஆகவே "செட் விலை இவ்வளவுதானே" என்று கணக்குப் போடாதீர்கள். வரியையும் சேர்த்து, அன்றைய விகிதத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்த வரி பயத்தை வைத்தே ஒரு கும்பல் பிழைக்கிறது. "உங்க பார்சல் கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சு, உடனே இந்த நம்பருக்குப் பணம் போடுங்க, இல்லேன்னா கேஸ் ஆயிடும்" என்று போன் வந்தால் உஷார்! தபாலில் வந்த பொருளுக்கு வரி இருந்தால், பொருளைக் கொடுக்கும்போது வாங்கிக்கொண்டு ரசீது தருவார்கள். கூரியர் என்றால் பார்சல் எண்ணோடு பில் வரும். அந்த எண்ணை நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். தனி நபரின் யு.பி.ஐ.க்குச் சுங்கவரி கட்டும் வழக்கம் எங்கும் கிடையாது. ஓ.டி.பி. சொல்லாதீர்கள், லிங்க்கைத் தொடாதீர்கள். பணம் போய்விட்டதா? நேரம் கடத்தாமல் 1930-க்கு அழையுங்கள்.

வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்

1. *கப்பலை அளங்கள்.* ஸ்டீல் ஸ்கேல் வைத்து முனை முதல் முனை வரை நீளம் எடுங்கள். அசல் கப்பலின் நீளத்தை மில்லிமீட்டராக்கி, உங்கள் அளவால் வகுங்கள். டைட்டானிக் என்றால் 269100-ஐ 472-ஆல் வகுத்தால் 570. இங்கே ஒரு கண்ணி உண்டு: கப்பலுக்கு முழு நீளம் வேறு, செங்குத்துகளுக்கிடையிலான நீளம் வேறு. டைட்டானிக்கின் இரண்டாவது நீளம் 259.1 மீட்டர். அதைப் போட்டு வகுத்தால் 549 என்று வரும், மொத்தக் கணக்கும் கெட்டுவிடும்.

2. *அகலத்தையும் அளங்கள்.* நீளத்தில் ஒரு ஸ்கேலும் அகலத்தில் வேறு ஸ்கேலும் வந்தால் கிட்டே கோணல் என்று அர்த்தம். பாகம் எந்த இடத்தில் உட்காரப் போகிறதோ அந்த இடத்தின் அளவுதான் உங்களுக்கு முக்கியம்.

3. *ஸ்கேலுக்குப் பதில் கிட் எண்ணைக் கேளுங்கள்.* "இந்த செட் எந்த நிறுவனத்தின் எந்த எண் கிட்டுக்குச் செய்தது?" பதில் சொல்லாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். "எல்லாத்துக்கும் வரும்" என்றால் எதற்கும் வராது.

4. *ஸ்கேல் வைத்த படம் கேளுங்கள், ஜெராக்ஸில் ஏமாறாதீர்கள்.* தகட்டின் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த படத்தை வாங்கி, அசல் அளவில் அச்சிட்டு, காகிதத்தை வெட்டி டெக்மேல் வைத்துப் பாருங்கள். கேளம்பாக்கம் ஜங்ஷனில் எந்த ஜெராக்ஸ் கடையில் கொடுத்தாலும், "பக்கத்துக்கு அடங்கும்படி" என்ற தேர்வு இருந்தால் ஏ4-இல் படம் ஒருசில சதவீதம் சுருங்கிவிடும். 97 சதவீதத்தில் அச்சான 1/700 தகடு, காகிதத்தில் 1/720 ஆகிவிடுகிறது! உங்களிடம் இருப்பது 1/720 கிட் என்றால் காகிதம் கச்சிதமாக உட்காரும், பித்தளை வந்ததும் உட்காராது. "ஆக்சுவல் சைஸ் போடுங்க அண்ணா" என்று சொல்லி, படத்தில் 10 செ.மீ. கோடு ஒன்றைச் சேர்த்து, அச்சில் அது 10 செ.மீ.தானா என்று அளந்த பிறகே நம்புங்கள்.

5. *3டி அச்சு என்றால் கணக்கைச் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள்.* 1/600 கோப்பை 105.3 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் 1/570 வந்துவிடும். ஒழுங்கான வழி இதுதான். 1/350 கோப்பைச் சுருக்கச் சொன்னால் மட்டும் கவனம்: எல்லாமே 61 சதவீதமாகிவிடும், 0.3 மி.மீ. கம்பி 0.18 மி.மீ. ஆகிப் பெட்டியைத் திறக்கும்போதே ஒடிந்திருக்கும்.

6. *டீடெயில் போடும் ஆசை முன்பே இருந்தால், கிட்டையே அதற்கேற்ப வாங்குங்கள்.* 1/350 எம்டன் 34 செ.மீ. நீளம்தான், அலமாரியில் அடங்கும், ஊர் வரலாறும் சேர்ந்திருக்கிறது. பாகம் தேடி அலையும் வேலை பாதியாகக் குறையும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா?

பதறாதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள். தகட்டை வெட்டாமல் முதலில் பிரித்துப் பாருங்கள். பக்கத்து ஸ்கேல் என்றால், அதாவது 1/570-க்கு 1/600, 1/720-க்கு 1/700 என்றால், ரெய்லிங்கின் உயர வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள்தான், நீளத்துக்கு நறுக்கித் தாராளமாகப் போடலாம். கதவு, சங்கிலி, குட்டி ஏணிகளும் அப்படியே. படகுத்தூக்கிகளை ஒரே வரிசையாக ஒட்டாமல் தனித்தனியாக வெட்டி, கிட்டின் துளையைப் பார்த்து நிறுத்துங்கள். மர டெக், ஜன்னல் பட்டை, நீளச் சட்டங்களை மட்டும் தொடவே வேண்டாம். அந்த ஸ்கேல் கிட் வைத்திருக்கும் வேறொருவருக்கு வெட்டாத தகடாகவே விற்றுவிடுங்கள். 1/350 ரெய்லிங்கை 1/570-க்கு வாங்கியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை, கப்பல் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

கூடையில் ஏதாவது செட் போட்டு வைத்திருக்கிறீர்களா? இன்றைக்குப் பணம் கட்டாதீர்கள். ஸ்டீல் ஸ்கேலை எடுத்து நீளம், அகலம், படகு வரிசை மூன்றையும் அளந்து, மூன்று எண்ணையும் டப்பாவின் உள்மூடியிலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள். நாளைக்கு விற்பவரிடம் முதலில் அந்த எண்களைச் சொல்லுங்கள். அதற்கு அவரும் எண்ணில் பதில் சொன்னால் வாங்கலாம். "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" என்றால் போனை வைத்துவிடுங்கள்.